பழைய ஜெர்மன் ஆர்ச்டாப் கிட்டார்: தேடுவது, சோதித்து வாங்குவது, பேணி வாசிப்பது

ஆர்ச்டாப் கிட்டாரை முதன்முறையாகப் பார்க்கிறவருக்கு அது வயலின் குடும்பத்துப் பிள்ளையாகத் தோன்றும். அந்தத் தோற்றம் பொய்யில்லை. மேற்பலகை தட்டையாக இல்லாமல் நடுவில் புடைத்திருக்கும். வட்டத் துளைக்குப் பதிலாக எஃப் எழுத்து வடிவத்தில் இரண்டு துளைகள் இருக்கும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையில் ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும். தந்திகளின் கடைமுனை டெயில்பீஸ் என்ற உலோகப் பிடியில் கட்டப்பட்டிருக்கும். 1922இல் வெளிவந்த கிப்சன் எல்-5 இந்த வடிவத்துக்கு இலக்கணம் வகுத்தது. மின்பெருக்கி பரவாத அந்நாளில், பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே கிட்டாரின் தாளம் காதில் விழ வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இந்த வழிகாட்டி 1930களிலிருந்து 1960கள் வரை ஜெர்மன் பட்டறைகளில் செய்யப்பட்ட ஆர்ச்டாப் கிட்டார்களைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாக வயலின் செய்த கைகள் ஸ்ப்ரூஸ், மேப்பிள் மரங்களைச் சீவிச் செய்த இந்த வாத்தியங்கள், அதே தரத்து அமெரிக்கக் கிட்டார்களைவிட மிகக் குறைந்த விலையில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் இவற்றுக்கு வயது அறுபது, எழுபது, அதற்கும் மேல். பலவற்றின் கழுத்துக்குள் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி கிடையாது. இணைப்புகள் வஜ்ஜிரப் பசையால் ஒட்டப்பட்டவை. எனவே தலைப்பலகையில் எழுதியிருக்கும் பெயருக்கு விலை கொடுக்காமல், கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு விலை கொடுங்கள் என்பதே கீழே வரும் எல்லாவற்றிலும் நான் வலியுறுத்தப்போவது.

செய்தவர்களும் ஊர்களும்

ஜெர்மன் கிட்டார் தொழிலின் தாய்வீடு ஃபோக்ட்லாண்ட் என்ற மலைப்பகுதி. ஒரு பக்கம் சாக்சனி மாநிலத்தின் மார்க்நொய்கிர்ஷன், கிளிங்கன்டால் ஆகிய ஊர்கள். எல்லைக்கு அப்பால் பொஹீமியாவில், இன்று லூபி என்று அழைக்கப்படும் ஷோன்பாக். கார்ல் ஹோஃப்னர் 1887இல் தன் பட்டறையைத் தொடங்கியது ஷோன்பாக்கில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜெர்மன் மொழி பேசுவோர் வெளியேற்றப்பட்டபோது, இந்தத் தொழிலாளர் குடும்பங்களும் ஊரை இழந்தன. அவர்களில் பெரும்பகுதியினருக்கு 1949 முதல் பவேரியாவில் எர்லாங்கனை அடுத்த பூபன்ரொய்ட் என்ற சிற்றூரில் குடியிருப்பு கட்டித் தரப்பட்டது. உழவர் கிராமமாக இருந்த பூபன்ரொய்ட் சில ஆண்டுகளில் வாத்தியக் கலைஞர்களின் ஊராக மாறியது. இந்த வரலாற்றைக் காட்டும் பூபன்ரொய்தேயும் என்ற அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கிட்டார் வாங்கும் எண்ணமுள்ளவர், பணத்தை எடுப்பதற்கு முன் அதையும் மார்க்நொய்கிர்ஷன் வாத்திய அருங்காட்சியகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது. கண் பழகிய பிறகு ஏமாறுவது கடினம்.

ஹோஃப்னர் இவற்றில் மிகப் பரவலாகக் கிடைக்கும் பெயர். ஜெர்மனியில் இதன் மாதிரிகளுக்கு எண்கள் மட்டுமே உண்டு: 455, 456, 457 என ஏறிக்கொண்டே போகும். எண்ணுக்குப் பின் எஸ் என்று வந்தால் உடலின் ஒரு தோள் வெட்டப்பட்ட வடிவம்; இ1, இ2 என்பவை, தந்தியின் அதிர்வை மின்பெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்புகளின் எண்ணிக்கை; பி என்பது வெளிர்நிறப் பூச்சு. ஆக 457/எஸ்/இ2 என்பது தோள் வெட்டும் இரண்டு பிக்கப்பும் கொண்ட 457. இங்கிலாந்தில் செல்மர் நிறுவனம் விற்றவை செனட்டர், பிரெசிடென்ட், கமிட்டி என்ற பெயர்களில் வந்தன. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் பள்ளி வயதில் வாசித்தவற்றில் ஒரு பிரெசிடென்ட்டும் உண்டு.

ஃபிரெட் வில்ஃபர் 1946இல் தொடங்கிய ஃப்ராமுஸ், பல மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த கழுத்துகளுக்குப் பெயர்பெற்றது. இவை அசைந்து கொடுப்பது அரிது என்பதால் புதியவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான். ஹங்கேரியில் பிறந்த ஜாஸ் கிட்டார் கலைஞர் அட்டிலா சோலரின் பெயரிலும் இந்நிறுவனம் ஒரு மாதிரியை வெளியிட்டது. அர்னோல்ட் ஹோயர், க்ளிரா போன்ற பெயர்களும் அதே வட்டாரத்தைச் சேர்ந்தவை. கிழக்கு ஜெர்மனியில் மார்க்நொய்கிர்ஷனில் அரசு நிறுவனமான முசிமா பெருமளவில் உற்பத்தி செய்தது.

இவற்றுக்கெல்லாம் மேல்தட்டில் இரண்டு பெயர்கள் நிற்கின்றன. ஒன்று, பெர்லினில் வென்ட்செல் ரோஸ்மைஸ்ல் தன் மகனின் பெயரைச் சூட்டிச் செய்த ரோஜர் கிட்டார்கள். விளிம்பை ஒட்டிப் பள்ளமாக ஓடி, பிறகு மேலெழும் மேற்பலகை இவற்றின் அடையாளம். மகன் ரோஜர் 1950களில் அமெரிக்கா சென்று ரிக்கன்பாக்கரிலும் பின்னர் ஃபெண்டரிலும் பணியாற்றியபோது அந்தப் பள்ளத்தையும் கூடவே கொண்டுபோனார். அங்கே அதற்கு ஜெர்மன் செதுக்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. டெரேசியன்ஷ்டாட், அவுஷ்விட்ஸ் வதைமுகாம்களிலிருந்து உயிரோடு மீண்ட பெர்லின் ஜாஸ் கலைஞர் கோகோ ஷூமன், போருக்குப் பின் வாசித்தது ரோஜர் கிட்டாரைத்தான். இன்னொரு பெயர் ஆர்துர் லாங். தனியாளாக, குறைந்த எண்ணிக்கையில் செய்தவர். அவர் கிட்டார்கள் சந்தைக்கு வருவதே அரிது. வரும்போது தகுந்த நிபுணரின் எழுத்துச் சான்று இல்லாமல் வாங்க வேண்டாம்.

முதல் படி: எந்த வகைப் பலகை வேண்டும்?

ஜெர்மன் ஆர்ச்டாப்களில் மேற்பலகை மூன்று விதம். தடித்த ஸ்ப்ரூஸ் கட்டையை உளியாலும் சிறு இழைப்புளியாலும் குடைந்து செதுக்கியது முதல் வகை. மெல்லிய முழுமரப் பலகையை ஈரமும் சூடும் கொடுத்து அச்சில் அழுத்தி வளைத்தது இரண்டாவது. தகடுகளை ஒட்டிய ப்ளைவுட்டை வளைத்தது மூன்றாவது. செதுக்கியது, மின்பெருக்கி இல்லாமலே அறையை நிரப்பும். சுரத்தின் தொடக்கம் பளிச்சென்று இருக்கும். அழுத்தி வளைத்தது முதலில் நன்றாக ஒலித்தாலும், வளைத்த மரம் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால் காலப்போக்கில் பிரிட்ஜின் கீழ் அமுங்கக்கூடும். ப்ளைவுட் வகைக்கு ஒலியளவு குறைவு. ஆனால் பிக்கப் வைத்து மேடையில் வாசிக்கும்போது ஊளைச் சத்தம் எளிதில் எழாது, வானிலைக்கும் அவ்வளவாக அசையாது. ஆகவே வீட்டில் தனியாகவும் சிறு குழுவோடும் வாசிப்பவர் செதுக்கியதைத் தேடலாம். டிரம்ஸோடு மேடை ஏறுபவர் ப்ளைவுட்டை இழிவாக நினைக்க வேண்டியதில்லை.

வேறுபாட்டைக் கண்டறியும் இடம் எஃப் துளையின் விளிம்பு. அங்கே மரத்தின் வரிகள் மேற்பரப்பிலிருந்து தடிமன் வழியாக அப்படியே கீழே இறங்கினால் அது முழுமரம். நடுவில் குறுக்கே ஒரு கோடும் நிறமாற்றமும் தெரிந்தால் ப்ளைவுட். துளை விளிம்பில் வண்ணம் பூசி மறைத்திருந்தால், சிறு கண்ணாடியை உள்ளே விட்டு மேற்பலகையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெளியே தெரியும் வரி இடைவெளிகளே உள்ளேயும் தெரிய வேண்டும். செதுக்கிய பலகையில் உளியின் தடங்களும், நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் மாறும் அளவும் புலப்படும்; அழுத்திய பலகை எங்கும் ஒரே தடிமனாக இருக்கும்.

இரண்டாம் படி: விளம்பரத்தை வாசிக்கத் தெரிவது

ஜெர்மனியில் பழைய ஆட்கள் இந்த வாத்தியத்தை ஷ்லாக்கிட்டாரெ என்பார்கள். அடித்து வாசிக்கும் கிட்டார் என்பது பொருள். தேடும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், விவரம் தெரியாத வீட்டுக்காரர்கள் போடும் விளம்பரங்களும் கண்ணில் படும். மாஸிஃப் என்றால் முழுமரம், கெஷ்பெர்ட் என்றால் ப்ளைவுட். ஃபிஷ்டெ ஸ்ப்ரூஸையும் ஆஹோர்ன் மேப்பிளையும் குறிக்கும். ரிஸ் என்றால் விரிசல். டாஹ்போடன்ஃபுண்ட், அதாவது பரணில் கிடைத்தது, என்று எழுதியிருந்தால், கோடையில் வெந்து குளிர்காலத்தில் உறைந்து பல ஆண்டுகள் கிடந்த வாத்தியம் என்று புரிந்துகொள்ளுங்கள். பாஸ்ட்லர்ஷ்டுயுக் என்பது தானே பழுதுபார்த்துக்கொள்பவருக்கு ஏற்ற பொருள். அதை முதல் கிட்டாராக வாங்கக் கூடாது. விலைக்குப் பக்கத்தில் வீபி என்று இருந்தால் பேரம் பேசலாம், ஃபெஸ்ட்பிரைஸ் என்று இருந்தால் பேசக் கூடாது.

தொலைவிலிருந்து கேட்க வேண்டிய படங்கள் நான்கு. கழுத்தின் அடி உடலோடு சேரும் இடம் பக்கவாட்டில். பிரிட்ஜ் பக்கவாட்டில், அதன் உயரத்தை மாற்றும் திருகுச் சக்கரங்கள் தெரியும்படி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் ஒன்று) தந்திக்குக் கீழே ஓர் அளவுகோல். எஃப் துளை வழியே தெரியும் லேபிள். இந்த நான்கையும் அனுப்பத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். நான் முதன்முதலில் வாங்கிய ஆர்ச்டாப்பை முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து, தபாலில் வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தபோது பூச்சு மின்னியது, எனக்குக் கண் கலங்கியது. ஆனால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி ஐந்து மி.மீ. உயரத்தில் நின்றது, பிரிட்ஜோ ஏற்கனவே அடிமட்டம் வரை இறக்கப்பட்டிருந்தது. கழுத்தைக் கழற்றி ஒட்டக் கேட்ட கூலி, கிட்டாருக்குக் கொடுத்த விலையைத் தாண்டியது.

மூன்றாம் படி: நேரில் சோதிப்பது

கையோடு எடுத்துச்செல்ல வேண்டியவை: அரை மீட்டர் நீளத்துக்குக் குறையாத நேரான இரும்பு அளவுகோல், பல் மருத்துவர் பயன்படுத்தும் வகைச் சிறு கண்ணாடி, சிறு கைவிளக்கு, ஒரு துண்டுக் காகிதம், ஸ்ருதி பார்க்கும் செயலி உள்ள கைபேசி. கிட்டாரைச் சரியான ஸ்ருதிக்கு ஏற்றிய பிறகே சோதிக்க வேண்டும். தளர்ந்த தந்தியில் எந்தக் கழுத்தும் நேராகத்தான் இருக்கும். ஸ்ருதி சேர்க்கப் பயப்படும் விற்பனையாளருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கழுத்துக் கோணம் எல்லாவற்றுக்கும் முதல். அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல், நடுவில் உள்ள இரண்டு தந்திகளுக்கு இடையே படுக்கவைத்து, பிரிட்ஜ் வரை நகர்த்துங்கள். அதன் முனை பிரிட்ஜின் உச்சிக்கு ஏறத்தாழ மூன்று மி.மீ. கீழே முட்டினால், பிரிட்ஜின் சக்கரங்களில் இன்னும் இறக்க இடமும் இருந்தால், கோணம் சரி. முனை பிரிட்ஜின் பாதிக்கும் கீழே போய் இடித்தால் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து, கழுத்தின் அடிக்கும் உடலுக்கும் இடையில் காகிதத் துண்டை நுழைக்கப் பாருங்கள். காகிதம் உள்ளே போனால் வஜ்ஜிரம் விட்டுவிட்டது. அது வாழ்வு முடிந்த குறையல்ல. வஜ்ஜிரம் ஆவியில் இளகும் என்பதால் தேர்ந்த கிட்டார் தச்சர் இணைப்பைத் திறந்து, கோணம் திருத்தி, மறுபடி ஒட்டிவிடலாம். ஆனால் முந்தைய உரிமையாளர் அந்த இடுக்கில் எப்பாக்சி என்ற செயற்கைப் பசையை ஊற்றியிருந்தாலோ, கழுத்தின் அடியில் பெரிய இரும்புத் திருகு ஒன்றை முறுக்கியிருந்தாலோ நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். மரத்துக்குச் சேதமில்லாமல் அதைப் பிரிப்பது பெரும்பாலும் முடியாது.

கோணம் வேறு, கழுத்தின் வளைவு வேறு. ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலைத் தொடும் இடத்து ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். கால் மி.மீ. இருந்தால் நலம். 1960க்கு முந்தைய பல ஜெர்மன் கழுத்துகளில் ட்ரஸ் ராட் என்ற திருத்தும் கம்பி இல்லாததால், இடைவெளி ஒரு மி.மீ.யைத் தாண்டினால் திருகி நேராக்க வழியில்லை. விரல்பலகையை இழைத்து ஃப்ரெட் மாற்றுவதுதான் வைத்தியம். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சம்மதித்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

மேற்பலகையைக் கண்ணின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குன்றுபோல் ஒரே சீராக ஏறி இறங்க வேண்டும். பிரிட்ஜின் கீழ் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால் உள்ளே உள்ள தாங்குசட்டம் விட்டிருக்கலாம். விரல் கணுவால் மேற்பலகையையும் முதுகையும் இடம்விட்டு இடம் தட்டுங்கள். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் அதே காதுதான் இங்கும் வேண்டும். எங்காவது கிரீச்சென்றோ சடசடவென்றோ கேட்டால் அந்த இடத்தில் சட்டமோ ஓரமோ பிரிந்திருக்கிறது. மரவரியோடு ஓடும் பழைய விரிசல், உள்ளே சிறு மரத்துண்டு வைத்து ஒட்டி மூடப்பட்டிருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்தது செல்லுலாய்ட். இதைப் பலர் கவனிப்பதில்லை. மேற்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்ட் என்ற தகடு, ஓரப் பட்டை, தந்தியை முறுக்கும் ட்யூனர்களின் குமிழ்கள், சில மாதிரிகளில் தலைப்பலகை முழுவதையும் மூடும் முத்துநிறத் தகடு எல்லாம் செல்லுலாய்ட்தான். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள் அது. நல்ல நிலையில் உள்ளதை விரலால் தேய்த்து முகர்ந்தால் பூஜையறை வாசனை இலேசாக வரும். சிதையத் தொடங்கிவிட்டால் அந்த வாசனை போய், மூக்கைக் குத்தும் அமில நெடி வரும். எனக்குக் காட்டப்பட்ட ஒரு வெளிர்நிறக் கிட்டாரில், பெட்டி மூடியை உயர்த்தியதும் அந்த நெடி எழுந்தது. பிக்கார்ட் மேல் பிசுபிசுப்பாக வியர்வை போலத் துளிகள். விளிம்பில் சர்க்கரைப் பாகு உறைந்து வெடித்ததுபோல் நுண்விரிசல்கள். அதற்கு நேர் மேலே ஓடிய தந்திகள் மட்டும் பச்சையாகக் களிம்பேறியிருக்க, மற்ற இடங்களில் அதே தந்திகள் சுத்தமாக இருந்தன. செல்லுலாய்ட் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு ஆவி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அருகில் உள்ள உலோகத்தைத் தின்கிறது. பிக்கார்ட் மட்டும் கெட்டிருந்தால் கழற்றி எடுத்துவிட்டு வாங்கலாம். சுற்றோரப் பட்டை முழுவதும் நொறுங்கிக்கொண்டிருந்தால் அது பெரிய வேலை.

மற்றவை விரைவில் முடியும். இந்தக் கிட்டார்களில், தலைப்பலகை ஓரத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்கு முன்னால் பூஜ்ய ஃப்ரெட் ஒன்று இருப்பது வழக்கம். அதில் தந்திகள் பள்ளம் போட்டிருந்தால் வெறுந்தந்தி இரையும், அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். விரல்பலகை கருங்காலிபோல் கருப்பாக இருந்தாலும் பல மாதிரிகளில் அது சாயமேற்றிய வேறு மரம்; ஃப்ரெட் ஓரங்களில் தேய்ந்து பழுப்பு தெரிவதைக் குறையாகக் கருத வேண்டாம். ட்யூனர்களை மாற்ற நேர்ந்தால், பழைய ஜெர்மன் அளவு இன்றைய அளவோடு பொருந்தாமல் போகலாம் என்பதால், திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்த பிறகே புதியது வாங்குங்கள்.

நான்காம் படி: விலையும் உரிமையும்

ப்ளைவுட் உடல் கொண்ட ஃப்ராமுஸ், க்ளிரா, எளிய ஹோஃப்னர்கள் சில நூறு யூரோவில் கிடைக்கும். செதுக்கிய பலகை கொண்ட உயர் மாதிரிகளுக்கு ஆயிரங்களில் பேச வேண்டும். எந்த வகையானாலும், பழுது நீக்கி வாசிக்கத் தயாராக இருக்கும் கிட்டாருக்கு அதிகம் கொடுப்பது, மலிவாக வாங்கிப் பழுதுபார்ப்பதைவிட ஏறக்குறைய எப்போதும் சிக்கனமாகவே முடிகிறது.

ஜெர்மனியில் தனிநபர் விற்கும்போது, பொறுப்பேற்க மாட்டேன் என்று எழுதிவிட்டால் பிறகு வந்த குறைக்கு அவரைக் கேட்க முடியாது. தெரிந்தே மறைத்த குறைக்கு மட்டும் அந்த வாசகம் அவரைக் காப்பாற்றாது. கடைக்காரருக்கு அப்படி முழுவதும் விலகிக்கொள்ள உரிமையில்லை. மேலும் கடையிலிருந்து இணையம் வழியாக வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் திருப்பித் தரலாம். இந்த 14 நாட்களில் ஒரு கிட்டார் தச்சரிடம் காட்டிவிடுவது, கடை கேட்கும் கூடுதல் விலையை நியாயமாக்கும்.

ஐந்தாம் படி: வீட்டுக்குக் கொண்டுவருவது

பிரிட்ஜ் ஒட்டப்படாதது என்பதை மறந்துவிட்டுத் தந்திகளை முழுவதும் தளர்த்தினால் அது சரிந்து விழும், டெயில்பீஸும் ஆடிப் பூச்சைக் கீறும். ஒரு முழுச் சுரம் மட்டும் இறக்கி, டெயில்பீஸுக்கும் மேற்பலகைக்கும் இடையே மெல்லிய பருத்தித் துணியை மடித்து வையுங்கள். கூரியரில் அனுப்பத்தான் வேண்டும் என்றால், பிரிட்ஜைக் கழற்றித் தனியே சுற்றி, கெட்டிப் பெட்டிக்குள் தலைப்பலகை எதிலும் மோதாதபடி கழுத்தின் கீழே அணை கொடுக்கச் சொல்லுங்கள். கோடையில் காரின் பின்பகுதியில் வைத்துவிட்டு உணவகத்துக்குப் போவது கூடாது. அந்தச் சூட்டில் வஜ்ஜிரம் இளகும்.

ஆறாம் படி: பிரிட்ஜை உட்காரவைப்பது

வாங்கியவர் தன் கையால் செய்யக்கூடிய வேலைகளில் இதற்கு ஈடான பலன் தருவது வேறில்லை. பிரிட்ஜின் அடி மேற்பலகையின் வளைவோடு முழுவதும் பொருந்தாவிட்டால் ஒலி பாதியிலேயே நின்றுவிடும். ஒரு தாளை அதன் அடியில் ஓரமாக நுழைத்துப் பாருங்கள். எங்காவது நுழைந்தால், மெல்லிய உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி மேற்பலகை மேல் வைத்து, பிரிட்ஜின் அடியை அதன்மேல் நின்ற இடத்திலேயே சிறு அசைவுகளாகத் தேயுங்கள். மேற்பலகையின் வளைவே பிரிட்ஜின் அடியில் படியும். அவசரப்படாமல் பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இடம் குறிக்க, பூஜ்ய ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து, அதே தூரத்தை அங்கிருந்து மறுபடி அளந்தால் பிரிட்ஜ் நிற்க வேண்டிய இடம் ஏறத்தாழக் கிடைக்கும். தடித்த தந்திப் பக்கம் சற்றே பின்னுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். பிறகு நுண்திருத்தம்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் தந்தியை விரலால் தொட்டு எழுப்பும் மணியொலியையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கமும், இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கமும் நகர்த்துங்கள். நகர்த்தும் முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்துவது பூச்சுக்கு நல்லது. இதன் பின் தந்தி மாற்றும்போதெல்லாம் ஒவ்வொன்றாகவே மாற்றினால் பிரிட்ஜ் இடம் பெயராது.

உயரத்துக்கு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த தந்தி இரண்டு மி.மீ., மெல்லிய தந்தி ஒன்றரை மி.மீ. என்று தொடங்குங்கள். பலமாகத் தாளம் அடிப்பவருக்கு அரை மி.மீ. கூடுதலாக வேண்டியிருக்கும்.

தந்தியும் பிக்கப்பும்

திருத்தும் கம்பி இல்லாத பழைய கழுத்தில், மிக மெல்லிய தந்தியே 0.013 அங்குலம் தடித்த தொகுதியை மாட்டுவது அதன் மேல் ஏற்றும் வீண் சுமை. 0.012 அல்லது 0.011இல் தொடங்கும், தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான தட்டைச் சுருள் தந்திகள் போதும். வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் செய்யும் ஜாஸ் ஸ்விங் தந்திகளும், பூபன்ரொய்ட்டிலேயே உருவாகும் பிரமிட் தந்திகளும் இழுவிசை குறைந்தவை, விரலுக்கு இதமானவை, பல மாதங்கள் நிறம் மாறாமல் ஒலிப்பவை. மின்பெருக்கி இல்லாமல் மட்டும் வாசிப்பவர் பித்தளைச் சுருள் தந்தியை முயலலாம்; சத்தம் கூடும், விரல் உராயும் ஓசையும் கூடும்.

செதுக்கிய மேற்பலகையில் பிக்கப்புக்காகத் துளை போடாதீர்கள். கழுத்தின் முனையிலோ பிக்கார்டிலோ தொங்கும் மிதவைப் பிக்கப், பலகையைத் தொடாமலே வேலை செய்யும். பழைய ஜெர்மன் மின்கிட்டார்களில் இன்றைய ஜாக் துளைக்குப் பதிலாக வானொலிப் பெட்டிகளில் இருந்த பல்முனைச் செருகியோ, திருகிப் பூட்டும் டுஹெல் இணைப்போ இருக்கக்கூடும். அதைப் பெயர்த்தெடுக்காமல், ஒரு முனையில் பழைய செருகியும் மறுமுனையில் ஜாக்கும் உள்ள கம்பி ஒன்றைச் செய்துகொண்டால் கிட்டாரின் மூலநிலை கெடாது.

நாளாந்தப் பராமரிப்பு

ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது இந்த மரத்துக்கு உகந்தது. ஜெர்மன் குளிர்காலத்தில் அறைச் சூடேற்றி ஓடும்போது இது 30க்கும் கீழே இறங்கும். முழுமர மேற்பலகை வெடிப்பது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான். பெட்டிக்குள் ஒரு சிறு ஈரமானியும், துளையிட்ட சோப்புப் பெட்டிக்குள் பிழிந்த ஈரப் பஞ்சும் வைத்தால் பாதுகாப்பு. கிட்டாரை வெளிச்சுவரிலோ சூடேற்றிக்கு மேலேயோ தொங்கவிட வேண்டாம்.

நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு சில ரப்பர் தாங்கிகளோடு வினைபுரிந்து உருகி ஒட்டிக்கொள்ளும். தாங்கியின் பிடிகளைப் பருத்தித் துணியால் சுற்றிவிடுங்கள். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும். சிலிக்கோன் கலந்த பளபளப்புத் திரவம் விரிசல் வழியே மரத்துக்குள் இறங்கினால், நாளை அந்த இடத்தில் பசையோ பூச்சோ பிடிக்காது.

எல்லை தாண்டும்போது

சில உயர் மாதிரிகளின் விரல்பலகையில் பிரேசில் ரோஸ்வுட் உண்டு. அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கவே சான்றிதழ் வேண்டும், எல்லை தாண்டவும் உரிய ஆவணம் வேண்டும். மற்ற ரோஸ்வுட் வகைகளால் முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் முதல் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. எனவே விரல்பலகை எந்த மரம் என்பதை ஒரு நிபுணரிடம் எழுத்தில் வாங்கி, வாங்கிய ரசீதோடு பெட்டியில் வைத்திருங்கள்.

சென்னை போன்ற கடலோர ஊருக்கு எடுத்துச் செல்கிறவர் வேறொரு மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டும். முழுமர மேற்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், தந்திகள் உயரும். உடனே கழுத்தில் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு வாரம் விட்டுவிட்டு, பிரிட்ஜின் சக்கரங்களை இருபுறமும் கால் சுற்று இறக்கிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குளிரூட்டிய அறைக்கும் மொட்டை மாடிக்கும் மாறி மாறிக் கொண்டுபோவதுதான் அதற்கு ஆகாதது.

கழற்றிய பழைய பாகங்கள் எதையும் எறிய வேண்டாம். மூல ட்யூனரும் பிரிட்ஜும் பின்னால் விற்கும்போது விலையைத் தாங்கும். ஆனால் சிதையும் செல்லுலாய்ட் பிக்கார்டை மட்டும் கிட்டார் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதன் வடிவத்தைத் தாளில் வரைந்து, திருகுத் துளைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, துண்டைக் காகித உறையிலிட்டு வெப்பமும் தீயும் அண்டாத வேறு அலமாரியில், காற்று படும்படி வையுங்கள். அந்த வரைபடம் கையில் இருந்தால் எந்தக் கிட்டார் தச்சரும் புதிதாக ஒன்றை வெட்டித் தருவார்.